குதிரையேறுவோர் கால்காப்பு

குதிரையேற்றம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது, முழங்கால் வரை நீண்டு கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்புப் பூட்ஸ்தான். சிலைகளிலும் திரைப்படங்களிலும் அணிவகுப்புகளிலும் கண்டு கண்டு அத்தோற்றம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. அந்தப் பூட்ஸ் எதற்காக அவ்வளவு நீளம், அதன் குதி ஏன் உயர்ந்திருக்கிறது, அஃது இல்லாமல் குதிரை ஏறலாகாதா என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. சவாரி பயில விரும்பும் மாணவரும் மாணவியரும் அவ்வினாக்களை எழுப்பியே ஆக வேண்டும். கையிலுள்ள பணத்தை எதில் செலவிடுவது என்பது அதனால் தெளிவாகும். அதனினும் முக்கியமாக, சவாரியில் உயிருக்கே ஊறு நேரக்கூடிய இடம் எது என்பதும் விளங்கும்.

மோட்டார் வண்டிகள் மலிந்த இந்நாளில் குதிரை ஏறுவோர் யார் என்று நீங்கள் கேட்கலாம். தேசிய மாணவர் படையில் குதிரைப் பிரிவு உண்டு. கால்நடை மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் அப்பிரிவினர் சவாரி பயில்கின்றனர். காவல்துறையின் குதிரைப்படையைச் சென்னைக் கடற்கரையில் காண்கிறோம். பெருநகரங்களை ஒட்டிச் சவாரிப் பள்ளிகள் பல தோன்றியுள்ளன. 2023ஆம் ஆண்டில் சீனத்தின் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், குதிரையை நுட்பமாக நடத்திக் காட்டும் டிரஸ்ஸாஜ் குழுப் பிரிவில் இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. இவற்றையெல்லாம் விட்டாலும், கொடைக்கானல் ஏரிக்கரையிலும் உதகையிலும் மெரினாவிலும் கட்டணம் கொடுத்துச் சில நிமிடங்கள் குதிரைமேல் அமரும் பிள்ளைகள் எண்ணிறந்தோர். அவர்களையும் மனத்திற்கொண்டே இப்பொருளைப் பேசுகிறேன்.

சவாரியின்போது கீழ்க்காலுக்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கீழ்க்கால் என்று நான் குறிப்பது முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி: முன்புறத்துக் கணைக்கால் எலும்பு, பின்புறத்துக் கெண்டைச் சதை, கணுக்கால், பாதம். குதிரைமேல் அமர்ந்தவனுடைய கெண்டைச் சதையின் உட்புறம் குதிரையின் விலாவை ஒட்டி நிற்கிறது. சேணத்திலிருந்து ஒரு தோல்வார் தொங்குகிறது. அதன் நுனியில் அங்கவடி என்னும் வளையம் இருக்கிறது. பாதத்தின் முன்பகுதி அவ்வளையத்தின் அடிக்கட்டைமேல் ஊன்றியிருக்கிறது. குதிரை நடக்கும்போது இவை யாவும் அமைதியாகவே இருக்கும். அது டிராட் எனப்படும் இரட்டைத் தாள ஓட்டத்தைத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. அவ்வோட்டத்தில், குதிரையின் துள்ளலோடு இயைந்து ஏறுபவன் எழுந்தெழுந்து அமர வேண்டும். நிமிடத்திற்கு 70 அல்லது 80 முறை இவ்வாறு எழுந்து அமர்கிறான். அரைமணி நேரத்தில் 2,000 முறைக்கு மேலாகிறது. ஒவ்வொரு முறையும் கெண்டைச் சதையின் தோல் அந்த வாரோடும் சேணத்தின் மடலோடும் உராய்கிறது. சில வேளைகளில் வாருக்கும் மடலுக்கும் இடையே சதை அகப்பட்டுக் கிள்ளப்படும். மெல்லிய பருத்திக் கால்சட்டையோடு முதல் நாள் சவாரி செய்தவர் மறுநாள் காலையில் கால்களின் உட்புறத்தில் நீலம் பாய்ந்த வடுக்களைக் காண்பது இதனாலேதான். ஜீன்ஸ் அணிந்தவர்க்கு வடு இன்னும் மிகுதி; அவ்வுடையின் தடித்த உட்தையல் சரியாக அவ்விடத்திலேயே ஓடுகிறது.

உராய்வு ஒரு துன்பம், அவ்வளவே. ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஆறாத துன்பம் பாதத்தில் இருக்கிறது. அங்கவடிக்குள் நுழைந்த பாதம் முன்பகுதியோடு நில்லாமல் முழுவதும் வழுக்கி உள்ளே சென்றுவிட்டால், வளையம் கணுக்காலைச் சுற்றிக்கொள்ளும். அந்நிலையில் ஏறியவன் கீழே விழுந்தால், உடல் தரையிலும் கால் அங்கவடியிலுமாகத் தொங்குவான். குதிரை இயல்பாகவே அச்சம் மிக்க விலங்கு. தன் பக்கத்தில் ஏதோ ஒன்று தொங்கி இழுபடுவதை உணர்ந்தவுடன் அஃது அதனினின்று விடுபடவே ஓடும். ஓட ஓட இழுபடுவதும் மிகும். அதனால் அச்சமும் மிகும். சவாரியில் நேரும் விபத்துக்களுள் மிகக் கொடியது இதுவே. குதிரையேறுவோர் காலணியில் குதி வைத்ததன் முதற்காரணம் இந்த ஆபத்துத்தான். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரமுள்ள, முன்விளிம்பு செங்குத்தாக வெட்டப்பட்ட குதி, பாதம் உள்ளே வழுக்கும்போது அங்கவடியின் அடிக்கட்டையில் முட்டி அதை நிறுத்திவிடுகிறது.

இவ்விடத்தில் சிறிது வரலாறு சொல்வது பொருந்தும். அங்கவடியின் பழைய வடிவம் ஒன்று நம் நாட்டிலேயே தோன்றியது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துச் சாஞ்சிச் சிற்பங்களில், சேணத்தை ஒட்டிய கயிற்றுக் கண்ணியில் ஏறுபவன் கால் கோத்திருப்பதைக் காணலாம். கட்டைவிரல் மட்டும் நுழையும் அளவே அந்தக் கண்ணி இருந்தது என்பர் ஆய்வாளர். வெறுங்காலோடு நடமாடக்கூடிய வெப்ப நாட்டுக்கு அது போதும். விரல்தான் நுழைகிறது, ஆகவே பாதம் வழுக்கி உட்செல்லும் பேச்சே இல்லை. குளிர்நாட்டாரோ காலணியைக் கழற்றி விரலை நீட்ட இயலாது. முழுப் பாதத்தையும் ஏற்கும் வளையம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. சீனத்தின் சாங்ஷா நகரில், கி.பி. 302ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறையில் கிடைத்த மண்பாவை ஒன்றில் குதிரையின் ஒரு பக்கத்தில் மட்டும் அத்தகைய வளையம் தொங்குகிறது. ஏறுவதற்குத் துணையாக மட்டும் அது பயன்பட்டது போலும். பின்னர் இருபக்கமும் வந்தது. இரும்பாலும் வெண்கலத்தாலும் செய்யப்பட்டது. மேற்கே ஐரோப்பா வரை பரவியது. வளையம் பெரிதானபோது பாதம் சிக்கும் ஆபத்தும் கூடவே வந்தது. பாரசீகக் குதிரை வீரர்கள் குதி உயர்ந்த காலணி அணிந்து, அங்கவடியில் ஊன்றி எழுந்து நின்று அம்பு எய்தனர். அக்குதி 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசவைகளில் நாகரிகமாகப் பரவியது. இன்று திருமண மண்டபங்களில் டக்டக்கென்று ஒலிக்கும் உயர்குதிச் செருப்புக்கு மூதாதை குதிரைவீரனின் காலணிதான் என்பது நினைத்துப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.

ஆனால் எவ்வகைக் குதியும் போதும் என்று எண்ணிவிடலாகாது. பள்ளிச் சுற்றுலாக்களில் மாணவர்களை மலையூர்களுக்கு அழைத்துச் சென்ற ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி ஒன்று உண்டு. வாரில்லாத ரப்பர்ச் செருப்போடு ஒரு சிறுவன் பெரியவர்களுக்கான அங்கவடியில் காலை நுழைப்பான். அடுத்த கணம் செருப்பு கீழே விழும். வெறுங்கால் கணுக்கால் வரை வளையத்துள் போய்விடும். குதிரைக்காரர் கடிவாளத்தைப் பற்றி நடத்திச் செல்வதால் பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. இருந்தாலும், குதிரை மிரண்டு கை நழுவிப்போக ஒரு லாரியின் ஊதல் ஒலி போதுமே! செருப்பைக் காட்டிலும் விளையாட்டுக் காலணி மேல் என்பதும் பாதி உண்மைதான். அதன் அடியில் உள்ள ஆழமான பள்ளங்கள் அங்கவடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். விழும்போது பாதம் எளிதில் கழன்று வராது. நீண்ட நாடா முடிச்சும் எங்கேனும் மாட்டிக்கொள்ளும். குதிரையேறுபவனுக்கு வேண்டியது, முன்னோக்கி வழுக்காத, ஆனால் பின்னோக்கி எளிதில் கழன்று வரக்கூடிய காலணி. அதாவது, குதி இருத்தல் வேண்டும்; அடிப்பாகம் ஏறத்தாழ வழவழப்பாகவோ, மிக மெல்லிய வரிகளோடோ இருத்தல் வேண்டும்; பக்கங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியும் பித்தானும் கூடா.

காலணியோடு அங்கவடியின் அளவையும் பார்த்துவிட வேண்டும். அது தனிப்பொருள் என்று விட்டுவிடுவது தவறு. காலணி அணிந்த பாதத்தின் மிக அகன்ற இடத்தைவிட அங்கவடியின் உள்ளகலம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக இருத்தல் நலம். இருமருங்கும் ஏறக்குறைய ஒரு விரற்கடை இடம் இருக்கும். அதனினும் குறுகினால் பாதம் இறுகிச் சிக்கும். அதனினும் அகன்றால் பாதமே ஊடே போய்விடும். வெளிப்பக்கத்தில் உலோகக் கம்பிக்கு மாறாக ரப்பர் வளையம் மாட்டிய அங்கவடியும் உண்டு. ஏறியவர் விழுந்தால் ரப்பர் தெறித்துக் கழன்று பாதத்தை விடுவித்துவிடும். சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இடங்களில் அவ்வகையே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ரப்பர் குதிரையின் உடற்பக்கம் அமையும்படி மாட்டினால் பயனில்லை. எப்போதும் வெளிப்பக்கமே இருக்க வேண்டும்.

குதிரையிலிருந்து இறங்கிய பின்னரும் பாதத்துக்கு வேலை முடிந்துவிடுவதில்லை. குதிரையைப் பிடித்து நடத்தும்போது அது காலை மிதிப்பது சாதாரணமாக நிகழ்வது. 450 கிலோகிராம் எடையுள்ள ஒரு குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் குதிரையின் எடையில் ஐந்தில் மூன்று பங்கை முன்கால்களே தாங்குகின்றன. அஃதாவது 270 கிலோகிராம். ஒரு முன்காலுக்கு 135 கிலோகிராம். அவ்வளவும் இரும்பு லாடத்தின் குறுகிய விளிம்பின் வழியாகக் கால்விரல்மேல் இறங்குகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துப் பெறுவது என்று நீங்கள் இயற்பியலில் படித்திருக்கிறீர்கள். இங்கே பரப்பு மிகச் சிறியது. துணிக் காலணி இதற்கு ஈடுகொடுக்காது. கனத்த தோலின் முனை ஓரளவு காக்கும். தொழிற்சாலைகளில் அணியும் இரும்பு முனைப் பூட்ஸ் சிறந்ததன்றோ என்று சிலர் கேட்பர். லாயத்தைக் கூட்டிப் பெருக்கும்போது அதை அணியலாம். அதன் முனை பருத்திருப்பதால் அங்கவடியில் இறுகிவிடக்கூடும். ஆதலால் அதோடு சவாரி செய்யலாகாது.

இனிக் கணுக்காலுக்கு மேலே வருவோம். அங்கே மனிதன் காலந்தோறும் கையாண்ட உபாயங்கள் பல. ஐரோப்பியப் போர்வீரர் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் கணைக்காலின் முன்புறத்தை மட்டும் மூடும் இரும்புத் தகட்டை வாரால் கட்டிக்கொண்டனர். மெக்சிகோ நாட்டு மாட்டிடையர் முட்புதர்க் காடுகளில் குதிரையோட்டியவர். அவர்கள் இடுப்பிலிருந்து பாதம் வரை கால்சட்டையின்மேல் தோல்மறைப்பு ஒன்றை அணிந்தனர். சப்பரேரா என்ற அதன் ஸ்பானியப் பெயர், அந்த முட்புதரின் பெயரிலிருந்தே வந்தது. அமெரிக்க நாட்டார் அதைச் சுருக்கிச் ‘சாப்ஸ்’ என்றனர். அச்சொல்லைச் சிறிது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மீண்டும் வரும்.

இந்தியா அளித்த உபாயங்கள் இரண்டு. ஒன்று பட்டி. காலைச் சுற்றிக் கட்டும் நீண்ட கம்பளித் துணி அது. இந்தியச் சொல்லையே ஆங்கிலேயர் ‘புட்டீ’ என்று எடுத்துக்கொண்டு, தம் படை முழுவதற்கும் வழங்கினர். 1914இல் தொடங்கிய முதல் உலகப் போரின் படங்களில் ஏறத்தாழ எல்லாப் படைவீரரின் கால்களிலும் அதைக் காணலாம். நம் ஊர்ப் போலீஸ்காரர்களும் முன்னாளில் பட்டி சுற்றியிருந்தனர். அதில் ஒரு நுட்பம்: காலாட்படையினர் கணுக்காலில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றி முழங்காலடியில் முடிச்சிடுவர், குதிரைப்படையினரோ முழங்காலடியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் சுற்றிக் கணுக்காலில் முடிச்சிடுவர். முடிச்சு முழங்காலடியில் இருந்தால் சேணத்தோடு உராய்ந்து அவிழ்ந்துவிடும் அன்றோ! மலிவானது, எக்காலுக்கும் பொருந்துவது என்னும் நலங்கள் பட்டிக்கு உண்டு. இறுக்கிச் சுற்றினால் இரத்தவோட்டம் தடைப்படும். நனைந்தால் காய நாளாகும். அவசரத்தில் கட்ட முடியாது. ஆகவே அது மறைந்ததில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

மற்றொன்று, ஜோத்பூர் நாட்டுக் கால்சட்டை. இடுப்பிலும் தொடையிலும் தளர்ந்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை காலோடு ஒட்டி நிற்பது. 1897இல் விக்டோரியா அரசியின் வைரவிழாவையொட்டி இங்கிலாந்து சென்ற ஜோத்பூர் சர் பிரதாப் சிங்கின் வழியாக அவ்வுடை அந்நாட்டில் பெயர்பெற்றது. அதன் சிறப்பு என்னவெனில், கீழ்க்காலில் தளர்ந்த துணியே இல்லாததால் அதன்மேல் நீண்ட பூட்ஸ் அணிய வேண்டியதில்லை. கணுக்கால் அளவுள்ள சிறு பூட்ஸே போதும். அச்சிறு பூட்ஸுக்கும் ஜோத்பூர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. துணைக்கண்டத்தின் ஓர் ஊர்ப்பெயரை உலகத்துச் சவாரிப் பள்ளிகள் அனைத்தும் நாள்தோறும் உச்சரிக்கின்றன. அவ்வூர் எங்கே உள்ளது என்று அவற்றின் மாணவர்களைக் கேட்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்களோ!

இன்று சவாரி பயில்பவன் முன்னே இருக்கும் வழிகள் இரண்டே. முழங்கால் வரை நீண்ட முழுப் பூட்ஸ் ஒன்று. கணுக்கால் அளவுள்ள ஜோத்பூர்ப் பூட்ஸும், அதன்மேல் கெண்டைக்காலைச் சுற்றி அணியும் தனி உறையும் மற்றொன்று. அவ்வுறைக்கு அங்காடிகளில் ‘ஹாஃப் சாப்ஸ்’ என்று பெயர். முன்சொன்ன மெக்சிகோ இடையரின் மறைப்பில் தொடைப்பகுதியை நீக்கிவிட்டால் எஞ்சுவது இதுவே.

முழுப் பூட்ஸிலும் இரு சாதி உண்டு. கணுக்காலின் முன்புறத்தில் நாடா வைத்தது ஒன்று. அங்கே மடிந்து கொடுப்பதால் தடை தாண்டுவோர் அதை விரும்புவர். நாடா இல்லாது விறைப்பாக நிற்பது மற்றொன்று; டிரஸ்ஸாஜ் பயில்வோர்க்கும் அணிவகுப்புக்கும் உரியது. முழுப் பூட்ஸ் காலை நிலையாக நிறுத்தும். மழையும் முள்ளும் உட்புகா. தோற்றப் பொலிவும் உண்டு. ஆனால் அது காலுக்கென்றே அளவெடுத்தது போலப் பொருந்த வேண்டும். நீளம், சுற்றளவு, பாதம் என்னும் மூன்றும் ஒரே வேளையில் ஒத்துவருவது அரிது, விலையும் மிகுதி. வளரும் பருவத்தில் இன்று பொருந்துவது அடுத்த ஆண்டு பொருந்தாது. போட்டிக்குச் செல்லும் நிலை வரும்வரை மாணவர்க்கு முழுப் பூட்ஸ் வேண்டாம் என்பதே என் துணிபு. பள்ளி அணிவகுப்பில் பிள்ளை மிடுக்காகத் தோன்ற வேண்டும் என்று விரும்பும் பெற்றோர்க்கு இது சுவைக்காது. ஆயினும் பொருந்தாத முழுப் பூட்ஸுக்குள் கால் ஆடிக்கொண்டிருந்தால் மிடுக்கும் இல்லை, காப்பும் இல்லை.

சிறு பூட்ஸும் தனி உறையும் சேர்ந்தால் விலை குறைவு. பாதம் வளர்ந்தால் பூட்ஸை மட்டும் மாற்றலாம். கால் பருத்தால் உறையை மட்டும் மாற்றலாம். வகுப்பறைக்குத் திரும்பும்போது உறையைக் கழற்றிப் பையில் இட்டுக்கொண்டு சிறு பூட்ஸோடு நடந்துவிடலாம். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் இது சிறு நலமன்று.

உறை தேர்வதில் கருத வேண்டிய அடிப்படை ஒன்று உண்டு. குதிரையின் தோல் மிகக் கூர்மையான உணர்ச்சியுடையது. ஓர் ஈ அமர்ந்தால்கூட அவ்விடத்தை மட்டும் சிலிர்த்து அதை விரட்டிவிடும். ஏறியவனது கெண்டைக்காலின் மெல்லிய அழுத்தத்தையே அது கட்டளையாகக் கொள்கிறது. ஆகவே உள்ளே பஞ்சடைத்துத் தடித்த உறை, காலுக்குச் சுகமாயிருந்தாலும், இருவருக்கும் இடையே சுவர் எழுப்பியது போலாகும். குதிரைக்குக் கட்டளை எட்டாது. ஏறியவன் உதைக்கத் தொடங்குவான். உட்புறம் மெல்லியதாகவும் மடிப்பின்றியும் இருப்பதே நல்ல உறை. இழுவைப்பல் வெளிப்பக்கத்தில், அல்லது பின்புறத்தில் இருக்க வேண்டும். குதிரையின் பக்கம் ஒருகாலும் இருத்தல் கூடாது. இழுவைப்பல்லை ஒட்டி மேலிருந்து கீழாக மீள்திறனுள்ள நாடா ஒன்று ஓடினால் உறை காலோடு இறுகிப் பொருந்தும். அடியில் ஒரு பட்டை பூட்ஸின் கீழே, குதிக்கு முன்னால், சென்று மீளும். உறை மேலே ஏறிவிடாமல் அது காக்கிறது. இரண்டு உறைகளுக்கும் இடம் வலம் உண்டு. மாற்றி அணிந்துகொண்டு, இழுவைப்பல் சேணத்தைக் கீறுகிறதே என்று உறையை நொந்துகொள்வோரைக் கண்டிருக்கிறேன்.

அளவெடுக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடைக்குச் செல்லாமல் அஞ்சலில் வருவிப்போர் இடறுவது இங்கேதான். சவாரிக்கு அணியும் கால்சட்டையையும் காலுறையையும் அணிந்துகொள்ளுங்கள். நாற்காலியில் முழங்கால் செங்கோணமாக மடியும்படி அமர்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உயரத்தை அளக்க வேண்டும். நின்றுகொண்டு அளந்த உயரத்திற்கு வாங்கினால், குதிரைமேல் கால் மடியும்போது உறையின் விளிம்பு அம்மடிப்பில் குத்தும். அடுத்து, கெண்டைச் சதையின் மிகப் பருத்த இடத்தில் சுற்றளவு. இரு கால்களையும் அளந்து பெரிய அளவையே கொள்ளுங்கள். பலருக்கு இரண்டும் ஒத்திரா. மாலையில் அளப்பது நன்று, நாள் முழுவதும் நின்ற கால் சிறிது வீங்கியிருக்கும். தோலுறை புதிதாயிருக்கையில் இறுக்கமாகவே இருத்தல் வேண்டும். சில வாரங்களில் அது விரிந்து கொடுக்கும். முதல் நாளிலேயே எளிதில் மாட்ட முடிந்த உறை, மூன்றாம் மாதத்தில் காலைச் சுற்றிச் சுழலத் தொடங்கும். முழுப் பூட்ஸ் வாங்குவோர்க்கு ஒரு குறிப்பு: பழகப் பழகக் கணுக்காலில் மடிப்பு விழுந்து அதன் உயரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறையும். அதற்கு இடம் வைத்துச் சற்று உயரமாக வாங்க வேண்டும். முதற் சில நாட்கள் முழங்காலின் பின்புறம் உறுத்துவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதே.

எதனால் செய்யப்பட்டது என்பது அடுத்த வினா. பழந்தமிழர் செருப்பைத் ‘தொடுதோல்’ என்றனர்; தோல்தான் இன்றும் முதன்மையானது. தோல் பதனிடுதலில் நம் நாட்டுக்கு நெடிய தொடர்பு உண்டு. வரப்போரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டையிலுள்ள துவர்ப்பொருளைக் கொண்டு தோல் பதனிடுவது தென்னாட்டு முறை. பின்னாளில் அதன் இடத்தை வாட்டில் மரப்பட்டை பெரிதும் பிடித்துக்கொண்டது. இவ்வாறு பதனிட்ட தோல் உறுதியானது, வடிவு குலையாதது. சேணத்திற்கும் வாருக்கும் ஏற்றது. வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும் வேலை அது. குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை இதை மிக விரைவில் முடிக்கிறது. அத்தோல் மிருதுவானது, நீரையும் வெப்பத்தையும் தாங்குவது. நன்கு பதனிட்ட குரோம் தோலைக் கொதிநீரில் இட்டாலும் சுருங்காது. சென்னைக்கு அருகே 1912இல் ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் நிறுவிய குரோம் தோல் ஆலையினாலேயே குரோம்பேட்டை அப்பெயர் பெற்றது. மின்சார ரயிலில் அவ்வூரைக் கடப்போரில் எத்தனை பேர் பெயரின் பொருளை எண்ணியிருப்பர்! ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் கடல் கடந்து செல்கிறது. அதற்குப் பாலாற்றுப் படுகை கொடுத்த விலையும் சிறிதன்று. கழிவுநீரால் நிலமும் கிணறும் கெட்டதை 1996ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பு எடுத்துரைத்தது. தோற்பொருளை வாங்கியவர் அதைப் பேணிப் பத்தாண்டு பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

உறையின் உட்புறத்தை மயிர்பட்டுப் போன்ற சொரசொரப்பான ஸ்வேட் தோலால் செய்வதும் உண்டு. அது சேணத்தைப் பற்றிக்கொள்ளும். புதிதாகப் பயில்பவனுக்கு அந்தப் பிடிப்புத் தைரியம் தரும். வழவழப்பான தோல் அவ்வளவு பற்றாது. ஆனால் துடைப்பது எளிது, வியர்வைக் கறை தங்காது. தோலைப் போலவே தோன்றும் செயற்கைப் பொருள்கள் இன்று மிகுதி. விலங்கின் தோலை விரும்பாதோர்க்கும், குறைந்த விலை நாடுவோர்க்கும் அவை உதவும். அவற்றை நீரில் அலசலாம். நுண்ணிழைத் துணியால் ஆனது நன்கு உழைக்கிறது. துணியின்மேல் பாலியுரித்தேன் பூசியதோ, நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிந்துவிடும். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்தாலும் உரியும். காற்றிலுள்ள ஈரமே அதைச் சிதைக்கிறது. தள்ளுபடி விலையில் பழைய இருப்பை வாங்குவோர் இதை அறிந்திருக்க வேண்டும். ரப்பரால் வார்த்த முழுப் பூட்ஸும் உண்டு. மழைக்கு நல்லது, வெயிலிலோ உள்ளே கால் வெந்துபோகும்.

போலோ ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். அங்கே பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும்; குதிரையோடு குதிரை தோள் மோதும். ஆதலால் முழுப் பூட்ஸின்மேல் முழங்காலை மூடும் கனத்த தோற்காப்பும் அணிவர். மற்றச் சவாரிக்கு அது வேண்டாத சுமை.

பேணும் முறை கடினமானதன்று. சவாரி முடிந்ததும் ஈரத்துணியால் வியர்வையையும் புழுதியையும் துடைத்துவிட வேண்டும். குதிரையின் வியர்வையில் உப்பு உண்டு. அது தோலை வறட்டும். சேணச் சோப்பைச் சிறிதளவு தடவித் தேய்த்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலும் அடுப்பருகிலும் வைத்த தோல் விறைத்து வெடிக்கும். எண்ணெயை மிகுதியாகப் பூசினால் தையல் நூல் இற்றுத் தோலும் தொய்ந்துவிடும். இழுவைப்பல்லில் சேரும் மணலைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிட்டு, மெழுகுவத்தியை இருமுறை ஓட்டுங்கள். உறையில் முதலில் கெடுவது அதுதான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பூசணம் பூக்கும். அப்போது பூட்ஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பச்சை பிடித்துவிடும்.